35 சதவீதத்தில் நின்ற கம்ப்யூட்டர்!



இந்தச் சுவர் இதழில் எல்லோரும் கவிதை எழுதுகிறீர்கள், விடுகதை போடுகிறீர்கள், பொன்மொழி எழுதுகிறீர்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எங்க வீட்டில் நடந்த ஒரு உண்மைச் சம்பவத்தை எழுதுகிறேன். இதில் தப்பு செய்தது நான்தான். சிரிப்பவர்கள் சிரித்துக் கொள்ளலாம். ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்!

திருமுருகன்பூண்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டுதான் ஞாபகம் வரும். ஒன்று திருமுருகநாதர் கோயில். இன்னொன்று ரோட்டோரத்துச் சிற்பக்கூடங்கள். ஆனால் எங்க வீட்டில் கேட்பது உளிச்சத்தம் இல்லை, ஓவர்லாக் மிஷின் சத்தம். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு அப்பா ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். கம்பெனியிலிருந்து கட்டிங் ஆன துணி பண்டல் பண்டலாக வரும். தைத்து, செக்கிங் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். டெய்லர், கைமடி, செக்கிங் எல்லாம் சேர்த்து மொத்தம் 11 பேர். எல்லோருக்கும் பீஸ் ரேட்தான்.

சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மளிகைக்கடை பாக்கி, சீட்டுப் பணம், வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான் இருக்கிறது.

யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற கணக்கு எங்க வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அப்பா தினமும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அன்றைய கணக்கை ஏற்றுவார். "வேலை கம்ப்யூட்டர், விளையாட்டு வேண்டாம்" என்று எனக்குக் கண்டிஷன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. அப்பா கணக்கை முடித்துவிட்டு எழுந்து போன பிறகு, பள்ளி புராஜெக்டுக்குப் படம் எடுக்க நான் உட்கார்ந்தேன். வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைக்கப் போனால், "அப்டேட் செய்து அணை" என்று வந்தது. அழுத்திவிட்டேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. 10 சதவீதம், 20 சதவீதம், 35 சதவீதம். அங்கேயே நின்றுவிட்டது. "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்" என்று கீழே எழுதியிருந்தது. அரை மணி நேரம் பார்த்தேன். முக்கால் மணி நேரம் பார்த்தேன். அதே 35. மணி பதினொன்று ஆகப் போகிறது. தூக்கம் சொக்குது. அப்பா எழுந்து வந்தால் திட்டு விழும். "சரி, தொங்கிப் போச்சு" என்று நானே முடிவு செய்து, பவர் பட்டனை விரல் வலிக்க அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் அப்பா ஆன் செய்தார். கம்பெனிப் படம் வந்தது. கறுப்புத் திரை வந்தது. தானே அணைந்து, தானே மறுபடி துவங்கியது. மறுபடி படம், மறுபடி கறுப்பு. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்தில்!

"ஏனம்மிணி, ராத்திரி நீதான கடைசியா பார்த்தே? என்னாச்சு?"

"தெரியலைங்கப்பா. கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அதுலதான் என்னமோ ஆயிருச்சாட்டம் இருக்குது."

திருக்குறளில் வாய்மை அதிகாரத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். ஒரு நொடி கூட யோசிக்காமல் அந்தப் பொய் வாயிலிருந்து வந்துவிட்டது.

பக்கத்து வீதியில் ஒரு அண்ணன் இருக்கிறார். பாலிடெக்னிக் முடித்தவர், கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர். அப்பா அவரைக் கூப்பிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்மாமா, கடைசியா என்ன பண்ணும்போது இப்படி ஆச்சு?" அப்பா என் பொய்யை அப்படியே சொன்னார். கரண்ட் கோளாறு என்றதும் அண்ணன் பெட்டியைக் கழற்றினார். பவர் சப்ளையை வேறு ஒன்றை வைத்துப் பார்த்தார். ராம் அட்டையை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போட்டார். யு.பி.எஸ். பாட்டரியைச் சோதித்தார். மத்தியானம் மூன்று மணி வரை ஆகிவிட்டது. எதிலும் கோளாறு இல்லை. இல்லாத இடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சாயங்காலம் ஆறு மணி. 11 பேரும் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு இல்லை.

செக்கிங் அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். "எங்கிட்ட வந்த பண்டல் கணக்கு இதுல இருக்குதுங்ணா" என்றார். டெய்லர் அக்காக்கள் ஆளுக்கொரு சீட்டில் தங்கள் பீஸை எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் காலண்டர் தாள் பின்னால் எழுதியிருந்தார்! எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் பத்துப் பேருக்குக் கணக்கு நேராகிவிட்டது.

மிச்சம் ஒருவர். ஒடிசாவிலிருந்து வந்த பேட்லாக் டெய்லர் அண்ணன். வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, முதலாளி" என்றார். அந்த வாரம் அவர் தைத்ததில் பாதி, செக்கிங் அக்கா லீவில் இருந்த இரண்டு நாளில் போனது. அப்பா போன வாரக் கணக்கைக் குத்துமதிப்பாக நினைத்து ஒரு தொகை கொடுத்தார். அவர் எண்ணிப் பார்த்தார். ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். "பரவால்ல முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சண்டை போட்டிருந்தால் கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. அந்த "பரவால்ல" ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் மறுபடி வந்தார். "கடைசி வழி, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுரலாமுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். அழித்தால் கணக்கு எல்லாம் போய்விடும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். 35 சதவீதம், பவர் பட்டன், பொய், எல்லாம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. அண்ணன்தான் தலையில் கை வைத்துக் கொண்டார். "அட அம்மிணி! இதை நேத்துக் காலைல சொல்லியிருந்தா நேத்து மத்தியானமே முடிஞ்சிருக்குமே!"

பிறகு அவர் எனக்குப் புரியும்படி விளக்கினார். கணினி அறிவியல் பிரிவில் படிக்காதவர்களுக்கும் புரியும் என்பதால் அதையும் எழுதுகிறேன்.

ஓவர்லாக் மிஷினில் நூல் கோர்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசைப்படி ஒவ்வொரு கண்ணாக, ஒவ்வொரு கொக்கியாகக் கோர்க்க வேண்டும். ஒன்று விட்டாலும் தையல் விழாது. கம்ப்யூட்டர் துவங்குவதும் அப்படித்தான். ஸ்விட்சைப் போட்டதும் மதர்போர்டில் உள்ள சிறு நிரல் விழித்து, ராம், கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். அது வட்டில் உள்ள பூட் லோடரை அழைக்கும். பூட் லோடர் இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் டிரைவர்களை ஏற்றும். அதற்குப் பிறகுதான் நாம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கும் திரை வரும்.

அப்டேட் என்பது இந்த வரிசையில் உள்ள கோப்புகளை மாற்றுகிற வேலை. ஓடுகிற மிஷினில் ஊசி மாற்ற முடியுமா? முடியாது. அதனால்தான் அணைக்கும்போதும் மறுபடி துவங்கும்போதும் அந்த வேலை நடக்கிறது. நடுவில் பவரை நிறுத்தினால் சில கோப்பு புதுசு, சில கோப்பு பழசு என்று நின்றுவிடும். பெரும்பாலும் கம்ப்யூட்டரே பழைய நிலைக்குத் திரும்பிக் கொள்ளும். சில நேரம் முடியாது. சதவீத எண் நகராமல் இருந்தாலும் உள்ளே வேலை நடந்து கொண்டிருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். வட்டு விளக்கு மினுமினுக்கிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது கடிகாரத்தை!

அண்ணன் முதலில் செய்தது ரிப்பேர் இல்லை. நகல் எடுத்தார். அவரிடம் ஒரு பென் டிரைவில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதையும் போட்டுக் கொடுத்தார்கள். அப்படி ஒன்றை வாங்கிப் பழகியவர்தான் இந்த அண்ணன். பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கினார். வட்டில் எதையும் எழுதாமல், படித்து மட்டும், அப்பாவின் கணக்குக் கோப்புகளை வெளியே எடுத்தார். "இனி என்ன ஆனாலும் கவலை இல்லை" என்றார். அப்போதுதான் அப்பா முகத்தில் இருந்த இறுக்கம் போனது.

எங்க அப்பத்தா கதவோரம் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். "நம்மூர்ல பறிகொடுத்தது திரும்பி வந்துரும் சாமி" என்றார். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரிடம், வேடர் வேஷத்தில் வந்த பூதகணங்கள் எங்க ஊரில் வழிப்பறி செய்ததும், அவர் பதிகம் பாடித் திரும்பப் பெற்றதும்தானே கோயில் கதை! அதைத்தான் வேடுபறித் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் குத்தியது. இங்கே வழிப்பறி செய்தது நானாயிற்றே!

கோப்புகள் நகல் ஆகும் வரை அண்ணன் ஒரு சம்பவம் சொன்னார். பிறகு நானும் அதைத் தேடிப் படித்தேன்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. இயங்குதளத்தின் அப்டேட் இல்லை. ஆனால் அந்த மென்பொருள் கெர்னலோடு ஒட்டி வேலை செய்வது. நம் நேரப்படி காலை 9.39-க்கு அனுப்பினார்கள். தப்பு தெரிந்து 10.57-க்கு நிறுத்திவிட்டார்கள். 78 நிமிடம்தான்! அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகள், வங்கிகள் தடுமாறின. சென்னை உட்பட நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய விமான நிலையத்திலும் கடைசியில் கைகொடுத்தது பேனாவும் காகிதமும்தான், எங்க செக்கிங் அக்காவின் நோட்டைப் போல!

காரணம் என்ன தெரியுமா? புதிய கோப்பு, "21-வது விவரத்தைப் பார்" என்றது. நிரலின் கையில் இருந்தது 20 விவரம்தான். இல்லாத 21-வதைத் தேடி நினைவகத்தில் கூடாத இடத்தில் கை வைத்தது. கம்ப்யூட்டர் விழுந்தது. பண்டலில் 20 பீஸ் வைத்துவிட்டுச் சீட்டில் 21 என்று எழுதினால் ஷெட்டில் என்ன குழப்பம் வருமோ, அதே குழப்பம்! சரிசெய்வது சின்ன வேலைதான். சேஃப் மோடில் துவக்கி அந்த ஒரு வகைக் கோப்பை அழித்தால் போதும். ஆனால் துவங்காத கம்ப்யூட்டருக்குத் தூரத்திலிருந்து கட்டளை அனுப்ப முடியாதே! அதனால் பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்பும் ஒரு ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது.

எனக்கு இதில் பிடித்தது வேறு ஒன்று. அந்த 20, 21 கணக்கு நமக்கு எப்படித் தெரியும்? அந்த நிறுவனமே 2024 ஆகஸ்டில் அறிக்கையாக வெளியிட்டது. எந்தக் கோப்பு, எத்தனை மணிக்கு, எங்கே தவறினோம் என்று. அவமானம்தான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் அடுத்த முறை தடுக்க முடியும். நான் "கரண்ட் போய்ப் போய் வந்துச்சு" என்றேன். ஒரு நாள் வீணாகி, ஒருவருக்குச் சம்பளம் குறைந்தது.

சரி, எங்க கம்ப்யூட்டர் என்ன ஆனது? தொடர்ந்து துவங்காமல் போனதால் அதுவே பழுதுநீக்கும் திரைக்கு வந்திருந்தது. முதலில் தானியங்கிப் பழுதுநீக்கத்தை ஓட விட்டார். பலன் இல்லை. பிறகு கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வழியை அழுத்தினார். இருபத்தைந்து நிமிடம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. துவங்கியது! அப்பாவின் பழைய முருகன் படம் திரையில் வந்ததும் அப்பத்தா கன்னத்தில் போட்டுக் கொண்டார்.

"இனிமே அப்டேட்டே வேண்டாமுங்க" என்றார் அப்பா. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதைத் தடுக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். "அப்டேட் வேணும். ஆனா சம்பளத்துக்கு முந்தின ராத்திரி வேண்டாம்" என்றார். அன்று மத்தியானமே அப்டேட்டை மறுபடி போட்டோம். மறுபடியும் முப்பது சொச்சம் சதவீதத்தில் நின்றது! நாங்கள் சாப்பிடப் போய்விட்டோம். வந்து பார்த்தால் முடிந்திருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் கடையிலும் இது நடக்கலாம். இதைக் குறித்துக் கொள்ளுங்கள்:

1. அப்டேட் ஓடும்போது பவர் பட்டனைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள். வட்டு விளக்கைக் கவனியுங்கள்.

2. துவங்கவில்லையா? பென் டிரைவ், பிரிண்டர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு ஒருமுறை துவக்கிப் பாருங்கள்.

3. பழுதுநீக்கும் திரை வந்தால் பயப்படாதீர்கள். முதலில் தானியங்கிப் பழுதுநீக்கம், பிறகு சேஃப் மோடு, பிறகு கடைசி அப்டேட்டை நீக்குதல் என்று வரிசையாகப் போங்கள்.

4. "அழித்துப் புதிதாகப் போடு" என்பது கடைசி வழி. அதற்கு முன்பு கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள்.

5. விண்டோஸில் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அதை இன்றே தாளில் எழதிப் பத்திரப்படுத்துங்கள்.

6. முக்கியமான கணக்குக்கு எப்போதும் இன்னொரு நகல், வேறொரு இடத்தில் இருக்கட்டும்.

7. ரிப்பேர் செய்ய வருபவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். டாக்டரிடம் பொய் சொன்னால் மருந்து மாறிப் போகும் இல்லையா? அதே மாதிரி!

கடைசியாக ஒன்று. கணக்குத் திரும்ப வந்ததும் பார்த்தோம். ஒடிசா அண்ணனுக்கு 640 ரூபாய் குறைவாகக் கொடுத்திருந்தோம். திங்கட்கிழமை காலையில் அப்பா அந்தப் பணத்தை என் கையில் கொடுத்து, "நீயே போய்க் குடு. ஏன் குறைஞ்சுதுன்னும் நீயே சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்த இந்தியும் அவருக்குத் தெரிந்த தமிழும் சேர்த்து ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார். ஊரில் என் வயதில் தங்கை இருக்கிறாளாம். அவள் அவருடைய போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பூனை தள்ளியது என்று சொன்னாளாம்!

இப்போது ஷெட்டில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தினமும் சாயங்காலம் 11 பேர் பீஸ் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன். ஒடிசா அண்ணன் தன் கணக்கைப் பார்த்து, பக்கத்தில் அவர் மொழியில் கையெழுத்துப் போடுகிறார். ராத்திரி அப்பா வழக்கம் போல ஒற்றை விரலால் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்.



11-ஆம் வகுப்பு மாணவி,
கணினி அறிவியல் பிரிவு.